முன்னூறு கோடி ஒளியாண்டு

வானாய்வு மையத்தில் செண்பகவல்லியின் மேசைக்கு இரண்டு எண்கள் வந்தன. காமா கதிர் கக்கும் ஒரு கேலக்ஸி எண்ணூறு கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பதாக அவளுடைய உதவியாளன் இர்ஃபான் தொலைநோக்கியில் அளந்திருந்தான். பழைய அளவுகளிலிருந்து கற்றுத் தொலைவு சொல்லும் கணிப்பு இயந்திரமோ முன்னூறு கோடி என்று சாதித்தது. இயந்திரத்தோடு முரண்பட்டவர்களுக்கு வேலை கிடையாது.

"மேடம், மூணு தடவை அளந்துட்டேன். நானா தப்பு?" என்றான் போனில்.

அவளுக்கே புரியவில்லை. இயந்திரம் எதிலிருந்து கற்றது என்று தோண்டினாள். இருபது வருடத்துக்கு முன், பிரசவ வலி எடுத்த அன்று, அட்டவணையில் இந்தக் கேலக்ஸியின் கட்டம் காலியாக இருக்க வேண்டாமென்று அவளே தட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய எண்தான் அந்த முன்னூறு கோடி. அதை வைத்தே இயந்திரம் மற்றப் பன்னிரண்டாயிரம் கேலக்ஸிகளுக்குத் தொலைவு சொல்லியிருந்தது.

"அது நான் குத்துமதிப்பா போட்டது" என்று இயந்திரத்திடம் சொன்னாள்.

"பன்னிரண்டாயிரம் கேலக்ஸிகள் உங்களை மறுக்கின்றன" என்றது அது. வேலை இழந்தோர் பட்டியலில் இர்ஃபானுக்குக் கீழே அவள் பெயரும் ஏறியது.