ஃபியூஸ் என் கையில் இருந்தது

எல்லாம் சரியாக ஞாபகம் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். ஃபியூஸை முதலில் கழற்றினேன் என்றுதான் நினைக்கிறேன்.

ராஸ் அல் கைமா கல்குவாரியில் நான் வாகன எலெக்ட்ரீஷியன். கதவுப் பூட்டின் கிரீஸில் கல்தூசி சேர்ந்து, ஜனவரிக் குளிரில் இறுகிவிடும். அன்று காலை டிரைவர் துஷாந்தனும் மூன்று பேரும் கேம்ப் வாசலில் நின்ற பிக்கப்புக்குள் அகப்பட்டிருந்தார்கள். மழையில் வெடிப்பு விட்ட பாறைக்குக் கீழே வேலை செய்யமாட்டோம் என்று முதல்நாள்தான் சொல்லியிருந்தார்கள்.

“நடிக்கிறானுங்க. ஜல்தி திற, பாய்!” என்றான் ஃபோர்மன்.

எட்டுக் கைகளும் கண்ணாடியில் தெரிந்தன.

“நாங்கள் ஒண்டும் தொடேல்லை, அண்ணை,” என்றான் துஷாந்தன். “ஹீட்டர் நல்லா வேலை செய்யுது. ஆறுதலாப் பாருங்கோ, அவசரமில்லை.”

பூட்டுக்கு மின்சாரம் போகாமலிருக்க ஃபியூஸைக் கழற்றிவிட்டு, சாவியைத் திருப்பினேன். கதவின் பூட்டுக் குமிழ் மேலே வந்தது. பிறகு தானாகக் கீழே இறங்கியது. ஃபியூஸ் என் உள்ளங்கையில் இருந்தது.

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“மாஃபி, திறக்காது பாய். குளிருக்கு இறுகிப்போச்சு. வெயில் ஏறட்டும்.”

“உன் வேலை போயிடும்.”

“போகட்டும்.”

பத்து மணிக்கு அந்தப் பாறை சரிந்தது. தூசி அடங்கியதும் நான்கு கதவுகளும் ஒன்றாகத் திறந்தன.

அந்த மாதமே எங்கள் ஐந்து பேரையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஃபோர்மன் இன்னும் அங்கேதான். துஷாந்தன் கிளிநொச்சியில் லொறி ஓட்டுகிறான். மற்ற மூவரும் ஊரில் உயிரோடு இருக்கிறார்கள். நான் இன்னும் அமீரகத்திலேயே, முவைலா என்ற இடத்தில் ஒரு கராஜில் வேலை செய்கிறேன். ஃபியூஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை.