கிளி விரட்டும் ஆள்

"கல்லு லோடு நாளைக்குக் காலையில வந்துரும். கொல்லையை ஒரு தடவை பாத்துட்டேன்னா, எங்க எறக்கணும்னு சொல்லிடுவேன்" என்றார் அஹமது கபீர்.

ரியாத்திலிருந்து இரண்டு வருடம் கழித்து அன்று விடியற்காலைதான் வீடு வந்து சேர்ந்திருந்தார். டீ தம்ளரைக்கூட இன்னும் காலி செய்யவில்லை. அதற்குள் கடை கட்டும் பேச்சு.

"பாத்துட்டே சொல்லுங்க" என்றாள் கமருன்னிஸா. குரலில் பணிவு சொட்டியது. அந்தப் பணிவை நம்பியது அவர் தப்பு.

வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால்வரை நீண்டிருந்த அந்தக் கொல்லையை வாங்கியது கபீரின் சம்பாத்தியம். விளையவைத்தது கமருன்னிஸாவின் பிடிவாதம். தெருவில் மற்ற பெண்கள் வெளிநாட்டுக்குச் சபர் போன புருஷனின் போனுக்குக் காத்திருந்த நேரத்தில், இவள் களைக்கொத்தும் கையுமாக நின்றாள். பாத்தி கட்டினாள், கொய்யா வைத்தாள், வாத்து வளர்த்தாள். வாங்கித் தின்னக் காசில்லாமல் இல்லை. தன் கையால் ஒன்று முளைத்து வருவதைப் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஆசை.

ஆனால் போன வருடம் கொய்யா மொத்தத்தையும் கிளிகள் தின்று தீர்த்தன. பொம்மை கட்டினாள். தகர டப்பா தட்டினாள். வலை போட்டாள். பொம்மையின் தலைமேல் உட்கார்ந்தே கிளிகள் பழம் தின்றன.

சேதி ரியாத்துக்குப் போனது. பதில் காட்டமாக வந்தது. அடுத்த வருடமும் இதே கதை என்றால் மரங்களை வெட்டிவிட்டு, மண்ணடித்து, வாடகைக்கு நாலு கடை. கமருன்னிஸா அன்று உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் யோசித்தாள்.

இந்த வருடமும் கிளி எதையும் மிச்சம் வைத்திருக்காது என்ற முடிவோடு கபீர் கொல்லைக் கதவைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

கிளைகள் பாரம் தாங்காமல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பழமும் கைக்கு அடங்காத பருமன். ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். எதிலும் அலகு பட்ட அடையாளமே இல்லை.

"என்ன மருந்து அடிச்சே?"

"மருந்தா? நம்ம புள்ளைங்க திங்கிற பழத்துலயா?"

"அப்ப ஏதாச்சும் மிஷின் வாங்கினியா?"

சுவரோரம் மாட்டியிருந்ததை எல்லாம் அவள் கைகாட்டினாள். மண்வெட்டி, களைக்கொத்து, பூவாளி, பழம் பறிக்கிற துரட்டி. அத்தனையும் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன.

"இதுல எது கிளி விரட்டும்?"

"அதுக்குத் தனியா ஒரு ஆள் இருக்காருங்க."

கபீரின் புருவம் ஏறியது. "ஆம்பளையா?"

"பின்ன? காலையிலேர்ந்து சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் கத்துவார். சம்பளம் கேக்க மாட்டார். ஒரு வாய் டீகூடக் கேக்க மாட்டார்."

"யாரு அது, எனக்குத் தெரியாம?"

அவள் பதில் சொல்வதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஐயாவு எட்டிப் பார்த்தார். பக்கத்து வயலை இந்தப் போகம்தான் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

"வாங்க பாய்! உங்க கொல்லைக்கு வாய்ச்ச ஆளு மாதிரி யாருக்கும் வாய்க்காது. நான் கண்ணால பாத்ததில்ல. சத்தம் மட்டும் கேக்கும். என்ன திட்டுறாருன்னு வெளங்காது, ஆனா அப்படி ஒரு தொண்டை! எங்க வயல்லகூட கிளி எறங்குறதில்ல. கொஞ்சம் கிறுக்கு போலருக்கு, இருந்துட்டுப் போறாரு!"

"கிறுக்கோ என்னவோ, வேலைக்காரன்" என்று கபீர் மெச்சிக்கொண்டார். "இன்னைக்கு எங்க ஆளைக் காணோம்?"

"நீங்க வந்துட்டீங்கள்ல, அதான் லீவு" என்று கமருன்னிஸா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

அந்த நேரம் பார்த்து வாய்க்கால் பக்கமிருந்து ஒரு கூட்டம் கிளி வந்து இறங்கியது. கபீர் கைதட்டினார். செருப்பைக் கழற்றி வீசினார். கிளிகள் ஒரு கிளை தள்ளி உட்கார்ந்து, சாவகாசமாக ஒரு பழத்தில் அலகை வைத்தன. நேற்றுவரை வெட்டிப்போட நினைத்த மரம்தான், இன்று அதில் ஒரு பழம் போவதைக்கூடக் கபீரால் பொறுக்க முடியவில்லை.

"கமரு, அந்த ஆளைக் கூப்புடு!"

"கூப்புடுறேன். அதுக்கு முன்னாடி, கடை?"

"கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம்! கல்லு லோடைத் திருப்பி அனுப்பிடுறேன். அந்த ஆளு இருக்கிற வரைக்கும் இந்தக் கொல்லை உன்னோடது. கூப்புடு சீக்கிரம்!"

"வாக்கு மாற மாட்டீங்களே?"

"அல்லா மேல ஆணையா மாற மாட்டேன். ஐயாவுதான் சாட்சி!"

கமருன்னிஸாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நிமிர்ந்து நடந்து போய், சமையலறைச் சன்னல் வழியே கையை விட்டு ஒரு சுவிட்சைத் தட்டினாள். கொய்யா மரத்துக்குள்ளிருந்து இடி இடித்தது.

"கொல்லையாம், கொய்யாவாம்! கிளிக்கு விருந்து வெக்கவா நான் இங்க வெயில்ல காயுறேன்? அத்தனையையும் வெட்டிப்போட்டுட்டு நாலு கடை கட்டல, என் பேரு அஹமது கபீர் இல்ல!"

கிளிக் கூட்டம் அலறியடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப் பறந்தது.

வாய் பிளந்து நின்ற கணவருக்கு, கிளை நடுவே பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டியிருந்த டேப் ரிக்கார்டரைக் காட்டினாள் கமருன்னிஸா. "போன வருஷம் ரியாத்லேர்ந்து என்னைத் திட்டிப் பேசி அனுப்புனீங்களே, அந்தக் கேசட்டுதாங்க. நான் பயந்தேனோ இல்லையோ, கிளிங்க நல்லாவே பயந்துடுச்சு!"