சத்தம் போடாத டிரம்

“இதுல எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் பக்கத்து ரூமுக்குக்கூட கேட்காதுக்கா” என்றார் கடைக்காரர் குகன்.

ஜெயலெட்சுமிக்கு வேண்டியதும் அதுதான். மகள் காமினி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த டிஜிட்டல் டிரம்மை அடித்துக்கொண்டிருந்தாள். வெளியே கேட்டதெல்லாம் ரப்பரைத் தட்டுவது போன்ற டொக் டொக் மட்டும்.

“எப்படி இருக்கு பாப்பா?”

காமினி ஹெட்போனைக் கழற்றினாள். “குச்சி துள்ளுறதே வேற மாதிரி இருக்கும்மா. காலேஜ்ல அசல் டிரம்தான் வச்சிருப்பாங்க. இன்னும் பத்து நாள்தான் இருக்கு.”

இசைக் கல்லூரியின் கடைசிச் சுற்றுத் தேர்வு அது. ஜெயலெட்சுமி ஃபேக்டரியில் ஓவர்டைம் செய்து வாங்கிக் கொடுத்த அசல் டிரம் செட்டில் பழகித்தான் காமினி இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

“ரெண்டையும் வச்சிக்க வழியே இல்லையாண்ணே?”

“பழசைக் கொடுத்தாத்தான்க்கா இது உங்களுக்குக் கட்டுப்படியாகும். அதோட, அதை வச்சிக்கிட்டா பிளாட்ல திரும்பவும் பிரச்சினைதானே?”

பிரச்சினை ஜெயலெட்சுமியின் கைப்பையில் இருந்தது. பிளாட் நிர்வாகத்தின் மூன்றாவது கடிதம். திங்கட்கிழமைக்குள் டிரம் சத்தம் நிற்கவில்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளும்படி வீட்டுச் சொந்தக்காரரும் போனில் சொல்லிவிட்டார். அவசரத்துக்கு எங்கே போவது? இரண்டு நாளாக ஜெயலெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை.

புகார் கொடுத்தது யாரென்று கடிதத்தில் இல்லை. இருந்தால்தான் தெரியவேண்டுமா? கீழ்வீட்டு அப்துல் ரசாக் அண்ணன்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஆசியா பீவி வெளியே தலைகாட்டியே ரொம்ப நாளாகிறது. இவர் மட்டும் மூன்று மாதமாகக் கம்பை எடுத்துத் தன் வீட்டு சீலிங்கை இடிக்கிறார்.

அதுவும் காமினி ஒரு பாட்டை முடித்துவிட்டுக் கையை உதறும் நேரம் பார்த்துத்தான் இடிப்பார். அவள் பயந்துபோய் குச்சியைக் கீழே வைத்தால் இன்னும் பலமாக இடிப்பார். “அதான் நிறுத்திட்டாளே, இன்னும் என்ன கோபம் இந்த மனுஷனுக்கு!” என்று ஜெயலெட்சுமி பல்லைக் கடிப்பாள்.

லிஃப்டில் அவரைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார். திட்டப்போகிறார் என்று அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவாள்.

“இதையே எடுத்துக்கலாம்மா” என்றாள் காமினி. “வீடு இல்லாம டிரம்மை மட்டும் வச்சிக்கிட்டு என்ன பண்றது?”

மகள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், ஜெயலெட்சுமி குகனிடம் தலையாட்டினாள்.

அன்று சாயங்காலமே குகனின் வேன் அவர்கள் குடியிருந்த ஆயர் ஈத்தாம் பிளாட்டுக்கு வந்துவிட்டது. காமினி யாரையும் தொடவிடாமல் சிம்பல் தட்டுகளைத் தானே கழற்றினாள். ஒவ்வொன்றையும் தன் சட்டையால் துடைத்து உறைக்குள் வைத்தாள். அழவில்லை. அதுதான் ஜெயலெட்சுமியை என்னவோ செய்தது.

குகன் பெரிய டிரம்மை நடைபாதையில் உருட்டிக்கொண்டு போனபோது லிஃப்ட் திறந்தது. உள்ளே அப்துல் ரசாக். கைலியும் பனியனுமாக, காலில் செருப்புகூட இல்லாமல், கையில் ஒரு கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றார். டிரம்மைக் கண்டதும் பதறிப்போய் வழியை மறித்தார்.

“இதை எங்க கொண்டு போறீங்க?”

மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஜெயலெட்சுமிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

“போதுமாண்ணே? இனிமே உங்க தலைக்கு மேல ஒரு சத்தமும் கேட்காது. எம்புள்ள படிப்பு போனாலும் போவட்டும். எங்களை இந்த வீட்ல இருக்க விடுங்க. நாங்க ரெண்டு பொம்பளைங்க, எங்க போவோம்?” கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் திகைத்து நின்றார். “நான் என்னம்மா செஞ்சேன்?”

“புகார் கொடுத்தது நீங்கதானே?”

“அல்லா மேல ஆணையா நான் இல்ல, தங்கச்சி! யாரு கொடுத்திருந்தாலும் சரி, வீடு வீடா ஏறிக் கெஞ்சி நான் வாபஸ் வாங்க வைக்கிறேன். இதை மட்டும் கொண்டு போயிராதீங்க.” டிரம்மின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குகன் ஒன்றும் புரியாமல் விலகி நின்றார்.

“அப்புறம் ஏன் அங்கிள் தினமும் சீலிங்கை இடிச்சீங்க?” என்று கேட்டாள் காமினி.

“நீ நிறுத்திட்டியேன்னுதாம்மா.”

ஜெயலெட்சுமி அவர் கையைப் பார்த்தாள். கிண்ணம் நிறையக் கஞ்சி. ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது.

“ஆசியாவுக்கு மறதி நோய் முத்திப்போச்சு. நான் யாருன்னே தெரியல. ஊட்டப் போனா பல்லைக் கடிச்சிக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறா. இன்னிக்கு ஒரு வாய்கூட இறங்கல.” தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காமினியைப் பார்த்தார்.

“நீ அடிக்கிறப்ப மட்டும்தாம்மா அவ வாயைத் தொறக்குறா.”