இடது இறக்கை

டிரோனைக் கொண்டுவந்து கண்ணாடி மேசையின் மேல் பொத்தென்று போட்டார் மீசைக்காரர். கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றே போட்டது மாதிரி இருந்தது.

"மூணாவது தடவை, தம்பி. நீ ரிப்பேர் பண்ணிக் குடுக்குற, அது போய் விழுது. கேக்குறவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

கேட்காதவர்களிடமே அவர் சொல்லி முடித்துவிட்டார் என்பது தெரு முழுக்கத் தெரியும். கடைப் பலகையில் தன்னைத்தானே 'டிரோன் டாக்டர்' என்று போட்டுக்கொண்டவனுக்கும் தெரியும். அந்தப் பட்டத்தை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை, பெயின்ட்காரர்தான் எழுதிக் கொடுத்தார்.

டாக்டரின் கவலை மீசைக்காரரின் சத்தம் அல்ல. மூலையில் ஸ்டூடியோக்காரர் உட்கார்ந்திருந்தார். கடைக்கு வரும் வேலையில் முக்கால்வாசி அவர் அனுப்புகிற கேமராக்களும் டிரோன்களும்தான். அவர் கைவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். அந்த மனுஷர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை இப்போது மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் தன் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தான். கீறல் விட்ட இறக்கையோடு ஏற்றினீர்களா, இரும்பு கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திசைகாட்டியைச் சரி செய்தீர்களா, காற்று பலமாக இருந்ததா, பாட்டரி வற்றும்வரை பறக்கவிட்டீர்களா, தானாகத் திரும்பி வரும் உயரத்தை மரங்களுக்கு மேலே வைத்தீர்களா. எல்லாவற்றுக்கும் மீசைக்காரரிடம் பதில் இருந்தது. போன தடவை அவன் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்திருந்தார், அதுதான் எரிச்சல். சட்டைக்குக் கடைசிப் பொத்தான் வரை போடுகிற ஆள், வேறு எப்படி இருப்பார்?

"ஒவ்வொரு தடவையும் இடது பக்கம்தான் அடி," என்றார் மீசைக்காரர். "இடது மோட்டார்ல கோளாறு இல்லாம வேற என்ன?"

"அந்த மோட்டாரைத்தான் புதுசா மாத்தியாச்சே, அண்ணே."

"அப்ப மாத்தினவன்கிட்ட கோளாறு."

மூலையில் ஒரு செருமல் கேட்டது. போன வாரம் தன்னுடைய மெஷினுக்கும் அவன்தானே மோட்டார் மாற்றினான் என்று ஸ்டூடியோக்காரர் ரொம்ப சாதாரணமாக விசாரித்தார். டாக்டரின் காது மடல் சிவந்தது.

உடைந்த இறக்கையை மாற்றினான். இரண்டு பேரையும் கடைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். முதலில் அவனே ஓட்டிக் காட்டினான். டிரோன் எட்டுப் போட்டது, ஏறி இறங்கியது, காற்றில் ஒட்டவைத்த மாதிரி அசையாமல் நின்றது. ஸ்டூடியோக்காரர் தலையை லேசாக ஆட்டினார்.

"இப்ப நீங்க ஓட்டுங்க, அண்ணே. கோளாறு மெஷின்லயா ஆள்லயான்னு பாத்துடலாம்."

ரிமோட்டில் மாட்டியிருந்த போனை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி நின்றான். மீசைக்காரர் மோசமாக ஓட்டவில்லை. பதற்றமில்லை, அவசரமில்லை, திருப்பங்களில் அப்படி ஒரு நிதானம். டாக்டருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் திரையின் இடது ஓரத்தில் விளக்குக் கம்பம் வந்தது. நூல் தடிமனில் தெரிந்தது விரல் தடிமன் ஆயிற்று. ரிமோட் விடாமல் கத்தியது. இந்த ரக டிரோன் கத்துமே தவிர, தானாக நிற்காது. டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜெயிக்கப் போகிறவன் எதற்கு வாயைத் திறக்கிறான்?

"ஏன் கத்துது? ஒண்ணையும் காணோமே," என்று முணுமுணுத்தார் மீசைக்காரர்.

படார்.

ஸ்டூடியோக்காரர் சிரித்தேவிட்டார். மெஷின் மேல் குறையில்லை என்று டாக்டரின் முதுகில் தட்டி, நாளைக்கு இன்னும் இரண்டு டிரோன் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கடை பிழைத்தது. டாக்டர் அதோடு விட்டிருக்கலாம். தெரு முழுக்கத் தன் பேரை நாறடித்த மனுஷரை அப்படிச் சும்மா விட மனம் வரவில்லை.

"அவ்வளவு பெரிய கம்பம், அண்ணே. கண்ணு முன்னாடி நிக்குது."

"எந்தக் கம்பம்?"

டாக்டர் ரிமோட்டிலிருந்து போனைக் கழற்றி, அதில் பதிவாகியிருந்த படத்தை ஓடவிட்டான். கம்பம் தெரிந்த இடத்தில் நிறுத்தி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

மீசைக்காரர் திரையையே பார்த்தார். முகத்தில் கோபமில்லை, நடிப்புமில்லை. பிறகு மெதுவாகத் தலையை இடது பக்கம் திருப்பினார்.

"இருக்கு," என்றார்.

தலையை நேராக்கினார்.

"இல்ல."

மறுபடியும் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் நேராக்கினார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். டாக்டரின் வாயில் இருந்த சிரிப்பு அங்கேயே காய்ந்துபோயிற்று.

இதெல்லாம் சின்ன விஷயமாகத்தான் இருக்கும், ஒரு நல்ல கண் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று தேற்றினான். ரிப்பேருக்கு இனிமேல் காசே வேண்டாம் என்றுகூடச் சொன்னான். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

"விளையாட்டுச் சாமான்தானே, அண்ணே. கண்ணு சரியாகுற வரைக்கும் பரண்ல கிடக்கட்டும். இதை ஓட்டலன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

மீசைக்காரர் ரிமோட்டை அவன் கையில் வைத்தார்.

"தம்பி, நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறேன்."