அழுகை இல்லாத வகுப்பு

மகன் நிமலனைச் சேர்க்குமுன் அவனையும் கூட்டிக்கொண்டு பள்ளியைப் பார்க்க வந்த தமயந்தி அசந்துபோனாள். ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தைகூட அம்மாவைக் கேட்டு அழவில்லை.

“ஒவ்வொரு பிள்ளை காதுலயும் ஒரு சின்னக் கருவி. அதுல அவங்கம்மா குரல் பேசிட்டே இருக்கும். கோபப்படாது, அலுத்துக்காது,” என்றார் தலைமை ஆசிரியை ரெஜினா. “உங்க குரலை உருவாக்க, வந்ததுலேருந்து நீங்க பேசினதே எங்களுக்குப் போதும். நிமலனுக்கும் இப்பவே மாட்டியாச்சு.”

தமயந்தி பதறித் திரும்பினாள். கடைசி பெஞ்சில் நிமலன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான்.

“டேய், எழுந்திரு! வீட்டுக்குப் போலாம்!”

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டான்.

“கத்தாத. அம்மா போக வேணாம்னு சொல்றாங்க.”