உப்புத் தண்ணீர் குடித்த கன்று

ஆடிக் காற்றில் முருங்கை வேரோடு சாய்ந்த குழி, இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் அந்த முன்வாசலில் இன்னும் திறந்தே கிடக்கிறது. அதன் ஓரத்தில் இரண்டு தகர டப்பாக்கள். ஒன்றில் மாங்கன்று, மற்றதில் பூவரசு. எதை நடலாம் என்று பார்க்க, வடிவு ஒரு மாதமாக இரண்டுக்கும் வீட்டுக் கிணற்றின் உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறாள். இப்போது குத்தவைத்து உட்கார்ந்து இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறாள். காலை வெயில் பூவரசு இலையில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்குகிறது. மாவிலைகளின் விளிம்போ தணலில் காட்டிய காகிதமாகச் சுருண்டிருக்கிறது. துறைமுகத்தில் கப்பல் ஒன்று சங்கு ஊதுகிறது. வேலைக்குப் புறப்பட்ட ராமர், சைக்கிளைப் பிடித்தபடி மனைவியின் விரல்களையே பார்த்து நிற்கிறார். நாடி பார்க்கிறவர்களுக்குக்கூட இந்த நிதானம் வராது.

"பூவரசையே வைப்போம்" என்கிறாள்.

"ஏளா, மாங்கன்னு ஒங்கய்யா ஸ்ரீவைகுண்டத்துல இருந்து ஆசையாக் குடுத்துவிட்டதுல்லா?"

"அது ஆத்துத்தண்ணி குடிச்சு வளந்தது. இங்கன நிக்காது."

"நீயும் ஆத்துத்தண்ணி குடிச்சு வளந்தவதான? நின்னுட்டியே!" அவர் குரலில் பெருமை வழிகிறது.

வடிவு கருகிய இலையைக் கிள்ளாமல் விரலால் நீவிவிடுகிறாள்.

"நிக்கதுக்கு முந்தி நான் எம்புட்டு வாடுனேன்னு எனக்குத்தான தெரியும்."

ராமர் சைக்கிளைச் சுவரில் சாய்க்கிறார். உள்ளே போய், குடிக்கப் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில் ஒரு செம்பு மொண்டுவந்து, மாங்கன்றின் வேரில் மெல்ல ஊற்றுகிறார்.