புரூஜில் படகுச் சவாரி

பெல்ஜியத்துக் கால்வாய் நகரமான புரூஜைப் பார்க்க மகள் பிரபாலினி திட்டம் போட்டாள்.

“நானும் வாறன்,” என்றேன்.

“வேண்டாம் அப்பா, உங்களுக்கு நடக்க ஏலாது.”

வேண்டாம் என்றால் அங்கே எவனோ நிற்கிறான். விடுவேனா? ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் வுப்பர்டாலில் அவளோடு ரயில் ஏறிவிட்டேன்.

புரூஜில் படகு கரையை விட்டு விலகிய பிறகுதான் எதிரே இருந்தவர்களைக் கவனித்தேன். ஒரு பெடியன், தகப்பன், பட்டுச்சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை போட்ட தாய். அவள் மடியில் பலகாரத் தட்டு.

“என்னைப் பொம்பிளை பார்க்க வந்திருக்கினம் அப்பா.”

“அதை வீட்டில வைக்க ஏலாதோ?”

“வீட்டில எண்டால் ஒவ்வொருமுறையும் ஏதாவது குறை சொல்லிப் பாதியில எழும்பிப் போறீங்கள். இதில எங்கை போவீங்கள்?”

நாலு பக்கமும் தண்ணீர்.

“எடுங்கோ அண்ணை,” என்று தாய் தட்டை நீட்டினாள்.

பயித்தம் பணியாரத்தைக் கடித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.